கை ஓட்டின டயர்

கம்பத்திலிருந்து கம்பமெட்டுக்கு ஏறுகிற ரோட்டில், வீடுகள் முடிந்து திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் பிச்சைமணியின் பஞ்சர் கடை இருந்தது. கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு கம்பு, மேலே தகரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு காற்றுப் பம்பு, டியூப்பில் ஒட்டுப் போட்டுச் சூடு வைக்கிற ஒரு இரும்புக் கருவி. பக்கத்து வேப்பமரத்தில் ஒரு பழைய லாரி டயரைத் தொங்கவிட்டிருந்தான். அதுதான் போர்டு.

தினமும் காலையில் இருபது முப்பது ஜீப் அந்த வழியாக மலையேறும். எல்லாம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள். உட்கார இடம் எட்டுப் பேருக்கு. ஏறுவது பன்னிரண்டு பேர். பின்னால் ஒருத்தன் தொங்கிக்கொண்டு போவான். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றும் கிடையாது. அந்த ரோட்டில் டயர் திடீரென்று காற்று இறங்கினால் என்ன ஆகும் என்பதை டிரைவர்கள் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். பேசாமல் பிச்சைமணி கடையில் நிறுத்திவிட்டுத்தான் ஏறுவார்கள்.

அவனிடம் ஏன் வந்தார்கள் என்றால், அவன் கைக்காக. ஒட்டுப் போட எல்லோருக்கும் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டி, சூடு வைத்தால் முடிந்தது. ஆனால் டியூப்பைக் குத்தினது எது, அது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவேல முள் உள்ளே முறிந்து கிடக்கும். மாட்டுக்கு அடித்த லாட ஆணி கழன்று ரோட்டில் விழுந்து, டயரில் ஏறி, தலை தேய்ந்து போய் நுனி மட்டும் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பிச்சைமணி சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, டயரின் உள்வயிற்றில் வெறும் உள்ளங்கையை வைத்து மூன்று சுற்று மெதுவாக ஓட்டுவான். எங்கே உறுத்துகிறதோ அங்கே நிற்பான். "இங்கன கெடக்கு கழுத" என்று குறடை வாங்குவான். டிரைவர்கள் அதைக் 'கை ஓட்டுறது' என்பார்கள். பிச்சைமணி கை ஓட்டின டயர் என்றால் மேட்டுக்குப் போய்த் திரும்பலாம் என்பது பேச்சு.

அவன் பிறந்தது ராயப்பன்பட்டிப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பழனிசெட்டிபட்டியில் ஒரு லாரி ஷெட்டில் பத்து வருஷம் டயர் கழற்றினான். அய்யம்மாளைக் கட்டிய பிறகு அவள் ஊரான கம்பத்துக்கே வந்து தகரம் போட்டான். அவள் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தாள். குலை இறங்குகிற காலத்தில் நெருக்கமாக இருக்கும் பிஞ்சுகளைச் சின்னக் கத்தரியால் கழித்துவிட வேண்டும். கழித்தால்தான் மற்றது பெருக்கும். இலை மறைவில் குலையை விரலால் தடவியே எது நிற்க வேண்டியது, எது போக வேண்டியது என்று சொல்லிவிடுவாள். நாலு வயதில் ஒரு மகள், சுருளியம்மாள். மூன்று பேருக்கும் ஒரு குறையும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது, எழுபத்தேழாம் வருஷம் ஆவணி மாதம் வரைக்கும்.

அந்த ஆவணியில் சுருளிவேலின் ஜீப்புக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை பஞ்சர் ஆனது. மூன்றும் ஒரே சக்கரம், முன் இடது பக்கம்.

சுருளிவேல் பிச்சைமணியை மாப்ளே என்பான். அய்யம்மாளைத் தங்கச்சி என்பான். ரத்த உறவில்லை, வாய் உறவுதான். திங்கட்கிழமை வந்தான், ஒட்டிக் கொடுத்தான் பிச்சைமணி. புதன்கிழமை மறுபடி வந்தான். "என்ன மாப்ள, டியூப்ப ஒட்டுனியா, இல்ல எச்சில் தடவி விட்டியா?" என்று கேட்டான். பிச்சைமணி சிரித்துக்கொண்டே கழற்றி, கை ஓட்டிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமில்ல மச்சான், இது வேற முள்ளு, வர்ற வழியில ஏறியிருக்கு" என்று சொல்லி ஒட்டிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால், மேட்டிலிருந்து ஒரு ஜீப் நடை வண்டி மாதிரி இறங்கி வந்தது. முன் சக்கரம் சப்பையும் இல்லை, உருண்டையும் இல்லை. தொப்புத் தொப்பென்று விழுந்து வந்தது.

"இருக்கியா மாப்ள?" சுருளிவேல் இறங்கும்போதே கத்தினான்.

"ஏன் மச்சான் வண்டி நொண்டுது?"

"நொண்டாம என்ன செய்யும்? டயருக்குள்ள காத்தா இருக்கு? மாட்டுத் தீவனம்ல இருக்கு!"

நடந்தது இதுதான். ஆறாவது வளைவில் சக்கரம் காற்று இறங்கி, ஸ்டியரிங்கை இடது பக்கமாக இழுத்தது. அந்தப் பக்கம் பள்ளம். சுருளிவேல் எழுந்து நின்று திருப்பி, பாறையில் உரசி நிறுத்தினான். பெண்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. ஒரு கிழவிக்கு மட்டும் சிராய்ப்பு. அவனிடம் ஸ்டெப்னி கிடையாது. போன மாதமே அதில் நூல் தெரிந்துவிட்டது. மலை டிரைவர்கள் வேறு வழியில்லாதபோது செய்கிற வேலையைச் செய்தான். டியூப்பை உருவிவிட்டு, அந்த இடத்தில் சரிவில் வளர்ந்த சுக்குநாறிப் புல்லை அறுத்துக் கட்டுக்கட்டாகத் திணித்தான். பெண்களும் சேர்ந்து திணித்தார்கள். புல் இறுக இறுகத் திணித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழலாது. நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வரலாம். பெண்கள் தோட்டத்துக்கு நடந்தே போனார்கள்.

"வர்ற வழியில எதுக்க வந்த தோட்டத்துக் கங்காணி கேக்குறான், 'எந்தா சுருளி, பின்னயும் பஞ்சரோ?'ன்னு. மலையாளத்துல கேட்டாலும் மானம் போறது தமிழ்லதான போகுது" என்றான் சுருளிவேல். சிரிக்கவில்லை. "மாப்ள, அந்த வளைவுல பன்னெண்டு பொம்பளைக."

பிச்சைமணி சக்கரத்தைக் கழற்றினான். லெவரைப் போட்டு நெம்பினதும், நசுங்கின புல் சுருள் சுருளாக வெளியே வந்தது. கடை முழுக்க எலுமிச்சை வாசனை. அந்த நேரம் அய்யம்மாள் தோட்டத்திலிருந்து கஞ்சித் தூக்கோடு வந்தாள். "என்னண்ணே இது, கல்யாண வீடு மாதிரி மணக்குது?" என்று கேட்டாள். இருவரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டுத் தூக்கை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

பிச்சைமணி புல்லையெல்லாம் வழித்தான். சட்டைக் கையைச் சுருட்டினான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று ரொம்ப மெதுவாக. நெற்றியில் வியர்வை நின்றது.

"உள்ள ஒண்ணுமில்ல மச்சான்" என்று கையை வெளியே எடுத்தான்.

சுருளிவேல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். "மாப்ள... ரத்தம்."

சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை நீளமாகக் கீறி, முழங்கை வரை ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பிச்சைமணி தன் கையை, யாரோ கொண்டு வந்து கொடுத்த சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு அவசரமாக வேட்டியில் துடைத்தான். "சின்னக் கீறல். புல்லு அறுத்திருக்கும்."

அய்யம்மாள் அவனை ஒதுக்கிவிட்டு டயர் முன்னால் உட்கார்ந்து, வளையலை மேலே ஏற்றிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். குலையைத் தடவுகிற மாதிரி விரல் நுனியால் தடவிக்கொண்டே போனாள். பாதிச் சுற்றுக்கூட ஆகவில்லை.

"ஸ்ஸ்!" என்று கையை இழுத்துக்கொண்டாள். "இங்கன இருக்கு. ஊசி மாதிரி நிக்கிது."

லாட ஆணியின் நுனி. அரிசி நீளம்தான் இருந்தது. சுருளிவேலே குறடால் பிடுங்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். திங்களிலிருந்து மூன்று தடவையும் டியூப்பைக் குத்தினது அதுதான்.

"இம்புட்டு நீளம் நிக்கிது. ஒங்கையையே கிழிச்சிருக்கு. ஒனக்குத் தெரியலையா மாப்ள?"

பழைய டயர் என்று சொல்லியிருக்கலாம். ரப்பர் உள்ளே மடங்கியிருந்தது என்று சொல்லியிருக்கலாம். பிச்சைமணிக்கு அந்த ஆறாவது வளைவு தெரியும். கீழே குனிந்தபடியே, "தெரியல மச்சான்" என்றான்.

டியூப்பை ஒட்டி, மாட்டி, காற்றடித்துக் கொடுத்தான். சுருளிவேல் எப்போதும் போகும்போது ஒரு கேலியாவது சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவான். அன்று சொல்லவில்லை.

ஜீப் போனபின் அய்யம்மாள் அவன் கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். கட்டும்போதே கேட்டாள்.

"எம்புட்டு நாளா?"

"எது?"

"மறைக்காதீக. எம்புட்டு நாளா இந்தக் கையில உணர்ச்சி இல்ல?"

"மாசியில இருந்து" என்றான். "மொதல்ல சுண்டுவிரலு. சூடு வைக்கிற இரும்பு பட்டுக் கொப்புளிச்சப்ப வலிக்கல. சரியாப் போகும்னு இருந்தேன். முதுகுல ஒரு வெளுப்பு இருக்கு. அதுலயும் கிள்ளுனா தெரியல."

அப்போதுதான் அய்யம்மாளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. மாசியிலிருந்து தனித் தட்டில் சாப்பிடுகிறான். கேட்டால் கையில் கிரீஸ் என்பான். மகளைத் தூக்குவதில்லை, கேட்டால் சட்டை அழுக்கு என்பான். பாயைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறான், புழுக்கம் என்பான்.

பிச்சைமணி சின்ன வயதில் அவன் ஊர் வாய்க்கால் கரையில் ஒருவரைப் பார்த்திருக்கிறான். அவருக்குக் குடிசை தனி. சோற்றைச் சிரட்டையில் கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துவிட்டு வருவார்கள். அவர் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த நோயின் பெயரை அவன் வாயால் சொல்லவில்லை. "நீ பிள்ளையக் கூட்டிட்டு ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னா போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

அய்யம்மாளுக்கு வந்த கோபம் அவனுக்கே புதிது.

"ஒரு டியூப்பு கொண்டாந்தா என்ன செய்வீக? தண்ணியில முக்கி, எங்கன கொமிழி வருதுன்னு பாத்து, அங்கன விரல வப்பீகள்ல? ஒங்களுக்கு ஒண்ணுன்னா மட்டும் சுருட்டி மூலையில போட்டு வப்பீகளோ? ஆறு மாசம்! நான் என்ன, செத்தா போயிட்டேன்?"

திட்டிக்கொண்டே கஞ்சியை ஊற்றினாள். தனித் தட்டு கொண்டு வரவில்லை. தூக்கு மூடியில் ஊற்றி, அவன் குடித்ததும் மிச்சத்தைத் தானும் குடித்துவிட்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரி" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரியில் தொழுநோய்க்கென்று ஒரு தனி அறை இருந்தது. வீடு வீடாகச் சைக்கிளில் போய் நோயாளிகளைப் பார்க்கிற ஞானசிகாமணி என்ற ஆய்வாளர் அன்று உட்கார்ந்திருந்தார். பிச்சைமணியைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரித்து அவன் கைகளில் அங்கங்கே தொட்டு, "எங்க தொடுறேன், விரல வச்சுக் காட்டுங்க" என்றார். கட்டைவிரல் பக்கம் தொட்டபோது சரியாகக் காட்டினான். சுண்டுவிரல் பக்கம் தொட்டார். அவன் காட்டவில்லை. மறுபடி தொட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தொடுங்கய்யா, சும்மா தொடுங்க" என்றான். பஞ்சு அவன் சுண்டுவிரல் மேல்தான் இருந்தது. அய்யம்மாள் திரும்பிக்கொண்டாள்.

"ஆரம்பம்தான். மாத்திரை இருக்கு, காசு கிடையாது" என்றார் ஞானசிகாமணி. "வருஷக் கணக்குல விடாம சாப்பிடணும். சாப்பிட்டா நோய் அங்கேயே நின்னுரும், வீட்டுல யாருக்கும் பரவாது. பிள்ளையத் தூக்கலாம். மரத்த இடத்துக்கு உணர்ச்சி திரும்பும்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். இடது கையிலயும் லேசாத் தொடங்கியிருக்கு. கை வலிக்குதுன்னு சொல்லாது. அதனால தினமும் கண்ணால பாத்துக்கணும். சூடு, கீறல், முள்ளு, எதுவும் படக்கூடாது. பட்டுச்சுன்னா புண்ணாகும், விரல் போயிரும்."

"தொழில்?"

"செய்யுங்க. துணி சுத்திக்கிட்டு லெவரப் பிடிங்க. ஆனா வெறுங்கைய டயருக்குள்ள விடக்கூடாது."

கையை விடாமல் அவனுக்கு என்ன தொழில்? திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு நடந்தான். வீட்டு வாசலில் மகள் ஓடி வந்தாள். நின்று, கொஞ்ச நேரம் அவளையே பார்த்து, பிறகு இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினான். அவள் அவன் காதைப் பிடித்து இழுத்து, "ஏம்ப்பா கட்டுப் போட்டிருக்க?" என்றாள். அவன் அவளை இறக்கி விடாமலே உள்ளே போனான்.

திங்கள், செவ்வாய், புதன். ஜீப்புகள் வந்தன, கடையைத் தாண்டிப் போயின. சிலர் தெரிந்தவர் போலக் கை காட்டிவிட்டு வேகமாகப் போனார்கள். சுருளிவேல் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த ஜீப்பில் இருந்த பன்னிரண்டு பெண்களுக்கும் வாய் இருந்தது. வளைவில் நடந்ததை ஊரே பேசியது. பிச்சைமணி தொட்டித் தண்ணீரை மாற்றினான், தகரத்தைத் துடைத்தான், தொங்குகிற டயரைத் திருப்பிக் கட்டினான். வேறு வேலை இல்லை.

வியாழக்கிழமை காலை சுருளிவேலின் ஜீப் வந்து நின்றது. பின் சக்கரம் காற்று இறங்கியிருந்தது. இறங்கி வந்து, ஒன்றும் நடக்காதது போலப் பீடி பற்றவைத்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனேன்."

"மாத்திரை?"

"குடுத்தாக."

"சரி, அப்பக் கழட்டு."

"மச்சான், நான் கழட்டித் தர்றேன், ஒட்டித் தர்றேன். கை ஓட்ட முடியாது. இனி எப்பவும் முடியாது. வேற கடைக்குப் போறதுன்னாப் போ."

அன்று அய்யம்மாள் தோட்டத்துக்குப் போகவில்லை. பின்னாலிருந்து, "நான் ஓட்டுறேண்ணே" என்றாள்.

ஜீப்பில் இருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, "ஏ ஆத்தா, சட்டி கழுவுற மாதிரின்னு நெனச்சுக்கிட்டா போல" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சுருளிவேல் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, அன்னிக்கு நீதான் கண்டுபிடிச்ச, இல்லேங்கல. ஆனா ஒரு ஆணியக் கண்டுபிடிக்கிறது வேற. ஆணியே இல்லன்னு சொல்றது வேற. பன்னெண்டு உசுரு இதுல ஏறுது."

அவன் சொன்னது சரிதான். பிச்சைமணிக்கும் அது தெரியும். இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு கை போதும். இல்லை என்று சொல்லத்தான் தைரியம் வேண்டும்.

அய்யம்மாள் டயர் முன்னால் உட்கார்ந்தாள். பிச்சைமணி கையில் துணி சுற்றி நெம்பிக் கொடுக்க, அவள் கையை விட்டாள். முதல் சுற்றில் ஒரு கருவேல முள்ளை எடுத்துத் தரையில் வைத்தாள். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. நிறுத்தவில்லை. நாலாவதும் போனாள். பிச்சைமணி எப்போதும் மூன்றோடு நிறுத்துகிறவன். அவள் கண்ணை மூடியிருந்தாள், ஆஸ்பத்திரியில் அவன் மூடியிருந்த மாதிரி.

"இல்ல" என்றாள். "ஒண்ணுமில்ல."

"நிச்சயமா?"

"நிச்சயம். பதிமூணாவதா நானும் ஏறுறேன், வாங்க."

சக்கரத்தை மாட்டியதும், சிரித்த பெண்ணை நெருக்கித் தள்ளி இடம் செய்து உட்கார்ந்துகொண்டாள். "பிள்ளைக்குச் சோறு உறியில இருக்கு" என்று அவனிடம் சொன்னாள். ஜீப் கிளம்பியது.

பிச்சைமணி ரோட்டோரம் நின்றான். கடையிலிருந்து பார்த்தால் மலையில் மூன்று வளைவுகள் மட்டும் தெரியும். இரண்டாவதில் ஜீப் பச்சையாக ஒரு புள்ளி போல நகர்ந்தது. நாலாவதில் மறுபடி தெரிந்தது. ஆறாவதில் தெரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரம் வந்தது, தாண்டியது. அவன் கம்பைப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு இறுக்கிப் பிடித்தான் என்பது அவன் கைக்குத் தெரியவில்லை. பிறகு பாறைக்கும் மரத்துக்கும் நடுவில் ஜீப் தெரிந்து, வளைந்து, மேலே போய் மறைந்தது.

இறங்கி வர இரண்டு மணி நேரம் ஆனது. முன் சீட்டில் அய்யம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய சுக்குநாறிப் புல். பெரிய கட்டு.

"இது எதுக்கு?" என்றான் பிச்சைமணி.

"ஒங்க தங்கச்சிகிட்டயே கேளு" என்றான் சுருளிவேல். சொன்ன பிறகுதான் முறை தப்பிப் போனது உறைத்தது. "எந் தங்கச்சிகிட்ட. இவ பண்ணுன கூத்துல முறையே மறந்து போச்சு. ஆறாவது வளைவுல வண்டிய நிறுத்தச் சொல்லி அறுக்குறா. மாப்ள, எனக்கு உசுரே இல்ல, டயருதான் போச்சோன்னு."

"பஞ்சரானாத் திணிக்கத்தான்" என்றாள் அய்யம்மாள், இறங்கிக்கொண்டே. "ஆகல. கடையில தொங்கப் போடுங்க, கொசு வராது."

மறுநாள் காலையில் இரண்டு ஜீப் நின்றது. அடுத்த வாரம் ஏழு. தோட்டத்துக் கத்தரியை அவள் முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வெயில் சாய்வதற்குள், அய்யம்மாள் தொட்டியோரம் உட்கார்ந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆய்வாளர் சொன்னபடி, கண்ணால். கம்பைப் பிடித்த இடத்தில் ஒரு மரச் சிலாம்பு ஏறியிருந்தது. ஊசியால் எடுத்தாள். அவன் அசையாமல் இருந்தான்.

"ஒங் கையக் காட்டு" என்றான் அவன்.

நீட்டினாள். விரல் நுனிகளில் நாலைந்து இடத்தில் சிவந்திருந்தது. கருவேல முள் குத்தின இடத்தைக் கட்டைவிரலால், உணர்ச்சி இருந்த பக்கமாகப் பார்த்து, மெதுவாக அழுத்தினான்.

"வலிக்குதா?"

"வலிக்காம என்ன செய்யும்? விடுங்க."

அவன் விடவில்லை. "நல்லா வலிக்குதுல்ல?" என்று மறுபடி கேட்டான்.

"வலிக்குதுங்கறேன்ல."

"சரி" என்றான் பிச்சைமணி. அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது.